எட்டு ஆட்டங்களில் ஒரு நாட்டின் பலம் தெரியுமா?

2023 செப்டம்பரில் மணிலாவில் நிறைவடைந்த உலகக் கிண்ணக் கூடைப்பந்துப் போட்டியில் ஜெர்மனி, தான் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் வென்று வாகை சூடியது. அமெரிக்கா மூன்று ஆட்டங்களில் தோற்று நான்காம் இடத்தில் நின்றது. அரையிறுதியில் இவ்விரு அணிகளும் நேருக்கு நேர் மோதியபோதும் 113-111 என ஜெர்மனியே வென்றது. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால், போட்ட புள்ளிகளிலிருந்து விட்டுக்கொடுத்த புள்ளிகளைக் கழித்து எட்டு ஆட்டங்களுக்கும் கூட்டினால் ஜெர்மனிக்கு 113 மிஞ்சுகிறது, அமெரிக்காவுக்கு 135. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு ஜெர்மனி 14 புள்ளி மேலே; அமெரிக்கா ஏறத்தாழ 17 புள்ளி மேலே. கிண்ணம் ஒரு பக்கம் கைகாட்டுகிறது, கணக்கு மறுபக்கம் கைகாட்டுகிறது. ஒரு தேசிய அணியின் பலத்தை எந்த எண்ணால் அளப்பது என்ற பழைய கேள்வி இங்கே மீண்டும் எழுகிறது.

மலேசியாவுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. ஆசியக் கூடைப்பந்து வாகையர் போட்டி 1965, 1977, 1985 என மூன்று முறை கோலாலம்பூரில் நடந்தது. 1989-இல் அதே நகரில் நடந்த, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சீ விளையாட்டுப் போட்டியில், இவ்வட்டாரத்தின் அசைக்க முடியாத அணியாகக் கருதப்பட்ட பிலிப்பைன்ஸைப் பின்தள்ளி மலேசிய ஆடவர் அணி தங்கம் வென்றது. அந்தத் தங்கம் மலேசியா பிலிப்பைன்ஸைவிடப் பலமான அணி என்பதற்குச் சான்றா, அல்லது ஒரு நல்ல வாரத்தின் விளைவா? இக்கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட முக்கிய விடைகளையும், அவற்றின் தோற்றத்தையும், பலவீனங்களையும் இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது. ஒரு போட்டியின் புள்ளிவிவரம் ஓர் அணி எப்படி ஆடியது என்பதை நம்பகமாகச் சொல்லும். எந்த அணி பலமானது என்பதைத் தயக்கத்தோடுதான் சொல்லும். அந்த அணி எவ்வளவு பெரிய மக்கள்திரளிலிருந்து வந்தது என்பதைச் சொல்லவே சொல்லாது. இந்த மூன்றையும் பிரித்தறியாததால்தான் பெரும்பாலான விவாதங்கள் குழம்புகின்றன என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

வெற்றி தோல்வியே போதும் என்ற நிலைப்பாடு

முதல் விடை மிகப் பழையது: வென்றவர் பலமானவர். அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா, வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கு 1 புள்ளி, களமிறங்காமல் விட்டுக்கொடுத்தால் 0 என்று வழங்குவது இந்த அடிப்படையில்தான். இதன் வலிமை எளிமையில் இருக்கிறது. ஆட்டத்தின் நோக்கம் வெல்வது. பயிற்றுநர் வெற்றிக்காகத் திட்டமிடுகிறார். 20 புள்ளி முன்னணியில் இருக்கும்போது முக்கிய ஆட்டக்காரர்களை ஓய்வுக்கு அனுப்புகிறார். ஆகவே வெற்றியைத் தவிர வேறெதை அளந்தாலும், அணிகள் அடைய முயலாத ஒன்றை அளப்பதாகிவிடும் என்று இத்தரப்பினர் சொல்வதில் நியாயம் உண்டு.

ஆனால் வெற்றி என்பது இரண்டே நிலைகள் கொண்ட அளவுகோல். 2 புள்ளியில் வென்றாலும் 40 புள்ளியில் வென்றாலும் அதற்கு ஒன்றுதான். 2023 காலிறுதியில் ஜெர்மனி லாட்வியாவை 81-79 என வென்றது. கடைசி நொடியில் லாட்வியாவின் டாவிஸ் பெர்டான்ஸ் எறிந்த மூன்று புள்ளி வீச்சு வளையத்தில் விழுந்திருந்தால், உலக வாகையர் அன்றே வெளியேறியிருப்பார்கள். அந்தப் பந்து விழுந்ததாலோ விழாததாலோ ஜெர்மானியர்களின் திறமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2014-இல் சீனாவின் வூஹானில், ஃபிபா ஆசியக் கிண்ண ஆட்டத்தில் இந்தியா சீனாவை 65-58 என வீழ்த்தியது. ஹனோயில் 2022 மே மாதம் நடந்த சீ விளையாட்டில் இந்தோனேசியா 85-81 என பிலிப்பைன்ஸை வென்று தங்கம் பெற்றது. இவை அந்த நாடுகள் என்றென்றும் கொண்டாடத்தக்க வெற்றிகள். ஆயினும், வூஹான் ஆட்டத்தை மட்டும் வைத்து இந்தியா சீனாவைவிட வலுவான கூடைப்பந்து நாடு என்று எவரும் வாதிட மாட்டார். 'யார் வாகையர்' என்ற கேள்விக்கு வெற்றிக் கணக்கு முழுமையான விடை. 'யார் பலமானவர்' என்ற கேள்விக்கு அது ஒரு தொடக்கம் மட்டுமே.

புள்ளி வித்தியாசத்தை நம்புவோர்

இரண்டாவது விடை, எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார்கள் என்று பார்க்கச் சொல்கிறது. அமெரிக்காவின் பில் ஜேம்ஸ், பேஸ்பாலில் ஓர் அணி எடுத்த ஓட்டங்களையும் கொடுத்த ஓட்டங்களையும் கொண்டே அதன் வெற்றி விகிதத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார். புள்ளிவிவர ஆய்வாளர் டேரில் மோரி அதே வாய்பாட்டைக் கூடைப்பந்துக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தார். நீண்ட லீக் போட்டிகளில், பருவத்தின் முதல் பாதியிலுள்ள வெற்றிக் கணக்கைவிடப் புள்ளி வித்தியாசமே இரண்டாம் பாதியை நன்கு முன்னறிவிக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நெருக்கமான ஆட்டங்களின் முடிவில் தற்செயலுக்குக் கூடுதல் பங்கு இருப்பதே காரணம்.

தேசிய அணிப் போட்டியில் இதே அளவுகோல் தள்ளாடுகிறது. அமெரிக்காவின் 135 புள்ளிகளில் 48, ஜோர்தானை 110-62 என வென்ற ஒரே ஆட்டத்தில் வந்தவை. இரு அணிகளுக்கும் அவற்றின் மிகப் பெரிய வெற்றியை ஒதுக்கிவிட்டுச் சராசரி எடுத்தால், அமெரிக்காவுக்கு 12.4, ஜெர்மனிக்கு 12. இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. எந்த ஆட்டத்திலும் 20 புள்ளிக்கு மேல் கணக்கில் சேர்ப்பதில்லை என்று வரம்பு வைத்தால், ஜெர்மனி 11.4, அமெரிக்கா 9.4 என்று வரிசை தலைகீழாகிறது. எட்டு வித்தியாசங்களையும் ஏறுவரிசையில் அடுக்கி நடு எண்ணை எடுத்தால், அமெரிக்காவுக்கு 19.5, ஜெர்மனிக்கு 12 என்று மீண்டும் அமெரிக்கா முன்னுக்கு வருகிறது. தரவு ஒன்றுதான், கணக்கிடும் முறை மட்டுமே வேறு. பெரிய வெற்றிகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை எண்கள் தாமாக முடிவு செய்வதில்லை. கணக்கிடுபவர் முன்கூட்டியே எடுக்கும் நிலைப்பாடு அது. அந்த நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்லாத எந்தத் தரவரிசையையும் ஐயத்தோடு அணுகுவதே முறை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஜெர்மனி 3, 2, 2, 6 என்ற நூலிழை வித்தியாசங்களில் நான்கு ஆட்டங்களை வென்றது. அமெரிக்கா தோற்ற மூன்றும் பத்துக்குக் குறைவான வித்தியாசத்தில்தான், அவற்றில் கனடாவுடனான தோல்வி கூடுதல் நேரத்தில் வந்தது. நெருக்கடியில் பதறாமல் ஆடுவதும் ஒரு திறமை அல்லவா, அதை ஏன் தற்செயல் என்று ஒதுக்க வேண்டும் என்று கேட்கலாம். அப்படியொரு திறமை இருக்கக்கூடும். பல ஆண்டுகள் ஒன்றாக ஆடிய அணிக்கு அது கூடுதலாக வாய்க்கவும் கூடும். ஆனால் நான்கு ஆட்டங்களைக் கொண்டு அதை நிறுவ இயலாது. நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கும் தலையாக விழும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. 32 அணிகள் ஆடும் போட்டியில் அது வியப்புக்குரிய நிகழ்வல்ல.

தனி ஆட்டக்காரரை அளந்து கூட்டும் முறை

மூன்றாவது மரபு, அணியை அதன் உறுப்பினர்களின் கூட்டுத்தொகையாகப் பார்க்கிறது. ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் விவரத்தாளில் ஒவ்வொருவரும் போட்ட புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பந்துப் பறிப்பு, தடுத்த வீச்சு ஆகியவை இருக்கும். மார்ட்டின் மேன்லியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் செயல்திறன் கணக்கு, நல்லவற்றையெல்லாம் கூட்டி, தவறவிட்ட வீச்சுகளையும் பறிகொடுத்த பந்துகளையும் கழிக்கிறது. ஃபிபாவின் விவரத்தாள்களிலும் இவ்வகைக் கணக்கு இடம்பெறுகிறது. எவரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடியது என்பது இதன் சிறப்பு.

இதன் குறை கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒருவர் மூன்று முறை எறிந்து ஒருமுறை மட்டும் இரண்டு புள்ளி பெற்றால், கூட்டல் 2, கழித்தல் 2, அவருக்கு இழப்பில்லை. ஆனால் நல்ல அணிகள் ஒரு தாக்குதலுக்குச் சராசரியாக ஒரு புள்ளியாவது எடுக்கின்றன. அணிக்கு மூன்று தாக்குதல்களில் இரண்டே புள்ளி கிடைப்பது உண்மையில் இழப்பு. எதிரணியின் சிறந்த வீச்சாளரை நாற்பது நிமிடமும் நிழலாகத் தொடர்ந்து முடக்கியவருக்கு இந்தத் தாளில் இடமே இல்லை. இதன் எல்லையை 2023 தெளிவாகக் காட்டியது. லாட்வியாவுக்கு எதிரான காலிறுதியில் ஜெர்மனியின் டென்னிஸ் ஷ்ரூடர் 26 வீச்சுகளில் 4 மட்டுமே போட்டார், அணி வென்றது. இறுதியாட்டத்தில் அவர் 28 புள்ளி எடுத்தார். போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். இரு நாட்களுக்கு இடையே அவர் வேறு மனிதராக மாறிவிடவில்லை. ஓர் ஆட்டத்தின் விவரத்தாளைக் கொண்டு ஒருவரின் தகுதியைத் தீர்மானிப்பது எவ்வளவு பிசகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இதைச் சீர்செய்ய எழுந்ததுதான் கூட்டல்-கழித்தல் முறை: ஒருவர் களத்தில் இருந்த நிமிடங்களில் அணி எத்தனை புள்ளி முன்னேறியது அல்லது பின்தங்கியது என்று பார்ப்பது. வேய்ன் வின்ஸ்டன் போன்ற கணிதவியலாளர்கள், உடன் ஆடியவர்களின் தரத்தையும் எதிரணியின் தரத்தையும் நீக்கிக் கணக்கிட வழி கண்டார்கள். தற்காப்புக்கும் மறைமுகமாக மதிப்பு கிடைப்பதால் கொள்கையளவில் இது சிறந்தது. ஆனால் நம்பகமான விடை தருவதற்கு ஆயிரக்கணக்கான நிமிடங்கள் வேண்டும். உலகக் கிண்ணத்தில் முன்னணி ஆட்டக்காரருக்குக்கூட இருநூறு, இருநூற்றைம்பது நிமிடங்களே கிடைக்கின்றன.

தாக்குதல் வாய்ப்பை அலகாகக் கொள்ளுதல்

நான்காவது விடை அளவிடும் அலகையே மாற்றியது. டீன் ஆலிவர் 2004-இல் வெளியிட்ட 'பாஸ்கெட்பால் ஆன் பேப்பர்' நூல் இந்தச் சிந்தனையைப் பரவலாக்கியது. பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியின் கைக்குப் போகும்வரை ஒரு தாக்குதல் வாய்ப்பு. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில்தான் வாய்ப்புகள் கிடைக்கும். ஆகவே மொத்தப் புள்ளியைவிட, ஒரு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்பதே பொருளுள்ள எண். 65 வாய்ப்புகளில் 78 புள்ளி எடுத்த அணியின் தாக்குதல், 78 வாய்ப்புகளில் 86 புள்ளி எடுத்த அணியின் தாக்குதலைவிடச் சிறந்தது: முன்னதற்கு வாய்ப்புக்கு 1.2, பின்னதற்கு 1.1. மெதுவாக ஆடும் அணியைத் தாக்குதலில் பலவீனம் என்றும், வேகமாக ஆடும் அணியைத் தற்காப்பில் பலவீனம் என்றும் பழித்த நெடுநாள் தவறு இதனால் திருந்தியது.

வெற்றியைத் தீர்மானிப்பவை நான்கு காரணிகள் என்றார் ஆலிவர்: மூன்று புள்ளி வீச்சுக்கு உரிய கூடுதல் மதிப்புக் கொடுத்துப் பார்க்கும் வீச்சுத் துல்லியம், பந்தைப் பறிகொடுக்காமை, தவறிய தம் வீச்சையே மீட்டெடுக்கும் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ பெறும் அளவு. இவற்றுக்கு முறையே 40, 25, 20, 15 விழுக்காடு எடை கொடுத்தார். இந்த எடைகள் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. ஆட்டங்களிலிருந்து பிறந்தவை. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், ஃபிபா ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ.யின் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து மேல்பகுதியில் 7.24 மீட்டர், ஃபிபாவின் கோடு 6.75 மீட்டர். அங்கே பிறந்த எடைகளை அப்படியே தென்கிழக்காசிய ஆட்டத்துக்குப் பொருத்துவது கேள்விக்குரியது. எடை எதுவாயினும், ஒரு தோல்வி எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டும் ஆற்றல் இந்த முறைக்கே அதிகம். 'தோற்றோம்' என்ற ஒரு சொல்லை, 'வீச்சில் சமமாக இருந்தோம், பந்தைப் பறிகொடுத்ததில் தோற்றோம்' என்று விரித்துச் சொல்வது பயிற்றுநருக்கு உடனே பயன்படும் அறிவு.

தரவரிசைகளும் அவற்றின் எல்லையும்

ஐந்தாவது மரபு சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த அர்பாட் ஏலோ வகுத்த முறையை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970-இல் ஏற்றது. வலுவான எதிரியை வென்றால் மதிப்பு நிறையக் கூடும்; எளிய எதிரியை வென்றால் சிறிதே கூடும். உலகக் காற்பந்துச் சம்மேளனம் 2018-இல் இதையொட்டிய முறைக்கு மாறியது. ஃபிபா 2017-இல், போட்டிகளில் பெற்ற இடத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய தரவரிசையைக் கைவிட்டு, ஒவ்வோர் ஆட்டத்தையும் எதிரணியின் தரம், வித்தியாசம், ஆட்டம் நடந்த இடம் ஆகியவற்றோடு சேர்த்து மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. எட்டு ஆண்டு ஆட்டங்கள் கணக்கில் வருகின்றன. அண்மைய ஆட்டங்களுக்கு எடை அதிகம்.

இது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2023 உலகக் கிண்ணத்துக்குத் தரவரிசையில் முதலிடத்தோடு வந்த ஸ்பெயின் ஒன்பதாம் இடத்தில் முடித்தது. இதற்கு முறையின் பிழையைவிட, அளக்கப்படும் பொருளின் தன்மையே காரணம் எனலாம். கழக அணியைப்போல் தேசிய அணி ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. 2017 நவம்பரிலிருந்து தகுதிச் சுற்று ஆட்டங்கள் ஆண்டின் நடுவே சிறு சிறு தவணைகளாக நடக்கின்றன, என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் அவற்றுக்கு வருவது அரிது. ஆகவே ஒரே கொடியின் கீழ் பல வெவ்வேறு அணிகள் ஈட்டிய முடிவுகள் ஒரே எண்ணில் கலக்கின்றன. 2023-இல் தன் நட்சத்திர ஆட்டக்காரர் நிகோலா யோகிச் இல்லாமலேயே செர்பியா இறுதிவரை வந்து 83-77 எனத் தோற்றது. பதினாறு வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்ற ஒருவரை ஓர் அணி சேர்த்துக்கொள்ள ஃபிபா இடமளிக்கிறது. அந்த ஓர் இடத்தில் பிலிப்பைன்ஸ் என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஜோர்டன் கிளார்க்சனை ஆடவைத்தது. ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் வருவதும் போவதும் எந்தத் தரவரிசையையும் பழையதாக்கிவிடும்.

மலேசியா போன்ற நாட்டுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 2022-இல் ஜகார்த்தாவிலும் 2025-இல் ஜெட்டாவிலும் நடந்த ஆசியக் கிண்ணங்களில் மலேசியா இல்லை. இத்தகைய அணி பெரும்பாலும் அண்டை நாடுகளோடே ஆடுகிறது. ஒரு வட்டாரம் தனக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், அந்த வட்டாரம் முழுவதும் உலக அளவில் எங்கே நிற்கிறது என்பதை ஓரிரு பாலங்கள் வழியாகத்தான் கணிக்க முடியும். தென்கிழக்காசியாவுக்குப் பிலிப்பைன்ஸ் அப்படியொரு பாலம். அந்தப் பாலத்தின் அணி ஆட்டத்துக்கு ஆட்டம் மாறினால், அதன் வழியே கணிக்கப்படும் மற்றவர்களின் இடமும் சேர்ந்தே ஆடும். பட்டியலின் கீழ்ப்பாதியில் இரு நாடுகளுக்கு இடையே பத்துப் பதினைந்து இட வேறுபாடு இருந்தாலும், அது பலத்தில் உறுதியான வேறுபாட்டைக் குறிக்கிறது என்று கொள்ள இயலாது.

எட்டு ஆட்டங்கள் எவ்வளவு சொல்லும்?

இதுவரை கண்ட எல்லா முறைகளுக்கும் பொதுவான தடை மாதிரியின் சிறுமை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே சீராக வெந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பதம் செல்லுபடியாகும். கூடைப்பந்து ஆட்டங்கள் அப்படி ஒரே சீரானவை அல்ல. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 25 மூன்று புள்ளி வீச்சுகளை 35 விழுக்காடு துல்லியத்தோடு எறிகிறது என்று வைத்துக்கொள்வோம். தற்செயலால் மட்டும் அதன் திட்டவிலக்கம் ஏறத்தாழ 2.4 வீச்சு, அதாவது 7 புள்ளிக்குச் சற்று மேல். 2023 இறுதியாட்டத்தின் வித்தியாசம் 6, அரையிறுதியின் வித்தியாசம் 2. ஒரே ஓர் அணியின் தொலைவீச்சு அதிர்ஷ்டமே இவ்விரண்டையும் விழுங்கப் போதுமானது.

முழு ஆட்டத்துக்கும் இதை விரிக்கலாம். எதிர்பார்த்த வித்தியாசத்துக்கும் உண்மையில் வந்த வித்தியாசத்துக்கும் இடையிலான சிதறல், என்.பி.ஏ. ஆட்டங்களில் ஏறத்தாழ 12 புள்ளி. அதையே இங்கும் கொண்டால், உண்மையிலேயே 6 புள்ளி மேலான அணி ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 69 விழுக்காடு. காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் அதே அளவு மேலாக இருந்தாலும், மூன்றையும் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். எட்டு ஆட்டங்களின் சராசரி வித்தியாசத்தில் 4 புள்ளிக்கு மேல் பிழை எதிர்பார்க்கத்தக்கது. 82 ஆட்டப் பருவத்தில் அது ஏறத்தாழ 1.3 ஆகச் சுருங்கும். ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நாம் கண்ட 3 புள்ளி இடைவெளி இந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கம் வென்றது, ஜெர்மனி நான்காம் இடம் பெற்றது. புள்ளி வித்தியாசம்தான் சரியாக முன்னறிவித்தது என்று இதைக் காட்ட ஆசை எழலாம். அது தவறான முடிவாகும். அமெரிக்காவின் பன்னிருவரில் இருவரே மணிலாவில் ஆடியவர்கள்.

கண்ணே சிறந்த கருவி என்போர்

இவ்வளவு ஐயங்கள் இருக்குமானால் எண்களை விட்டுவிட்டு, அனுபவமுள்ள பயிற்றுநரின் கண்ணை நம்புவதே மேல் என்று ஒரு வலுவான தரப்பு சொல்கிறது. 2006 உலக வாகையர் போட்டியின் அரையிறுதியில் கிரீஸ் அமெரிக்காவை 101-95 என வென்றது. கிரேக்கர்கள் எடுத்த வீச்சுகளில் பெரும்பங்கு வளையத்தில் விழுந்தது என்று விவரத்தாள் சொல்லும். அது ஏன் நடந்தது என்பதைக் கண்தான் கண்டது: பிக் அண்ட் ரோல் என்ற ஒரே ஆட்டமுறையை அவர்கள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர், அமெரிக்கத் தற்காப்பு அதற்கு மாற்று காணவில்லை. காரணத்தைக் காட்டுவதில் கண் எண்ணை விஞ்சுகிறது என்ற வாதத்தை மறுக்க முடியாது.

ஆனால் மாதிரியின் சிறுமை கண்ணுக்கும் பொருந்தும். கண் பார்த்ததும் அதே எட்டு ஆட்டங்களைத்தான். கூடுதலாக, கடைசி நொடி வீச்சும் பெரிய ஆட்டக்காரரின் பெயரும் கண்ணில் அளவுக்கு மீறிப் பதிகின்றன. எண் தன் பிழையின் அளவைச் சொல்ல வல்லது, கண்ணுக்கு அது இயலாது. ஆகவே இவ்விரண்டும் போட்டியாளர்கள் அல்ல என்றே தோன்றுகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று எண் சொல்லட்டும். அங்கே என்ன நடந்தது என்று கண் சொல்லட்டும்.

விவரத்தாளில் வராதவர்கள்

மேற்கண்ட எல்லா மரபுகளும் களத்துக்கு வந்தவர்களை மட்டுமே அளக்கின்றன. 'மலேசியாவின் பலம்' என்று ஓர் எண்ணைச் சொல்லும்போது, நாட்டின் எந்தப் பகுதி அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்ற கேள்வி இக்கட்டுரையின் பார்வையில் மிக முக்கியமானது. சிலாங்கூர் மாநிலத்தின் வட பகுதி இதைப் பார்க்கத் தக்க இடம். இந்நாட்டில் கூடைப்பந்தை வளர்த்துக் காத்தவை பெரும்பாலும் சீனப் பள்ளிகளும் சீனச் சமூக அமைப்புகளுமே. செகிஞ்சான் போன்ற சீனர் நிறைந்த ஊர்களில் கூடைப்பந்து அன்றாட வாழ்வின் பகுதி. அங்கிருந்து சிறிது தொலைவில் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத் தோட்டங்களில் நிலைமை வேறு. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக உருவான தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. தோட்டத்துத் தமிழர்களுக்குக் கிடைத்தது புல் திடல். அங்கே காற்பந்து வேரூன்றியது. சிமெண்டுத் தரையும் வளையமும் பெரும்பாலும் அவர்கள் லயத்துக்கு அருகில் அமையவில்லை.

தமிழர்களுக்குக் காற்பந்துதான் இயல்பு, கூடைப்பந்து அவர்கள் ஆட்டமல்ல என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. சான்று அவ்விளக்கத்துக்கு எதிராக நிற்கிறது. சென்னையில் ஆடி வளர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆடுகளமும் பயிற்றுநரும் போட்டியும் இருந்த இடத்தில் தமிழ்ப் பெண்கள் தேசிய அணிவரை சென்றார்கள். சீ விளையாட்டில் நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்திய மலேசிய மகளிர் அணியை முந்தி, பிலிப்பைன்ஸ் மகளிர் 2019-இல் முதன்முறையாகத் தங்கம் வென்றபோது, இரு அணிகளின் ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பேச எண்கள் இருந்தன. எவ்வளவு பெரிய திரளிலிருந்து ஒவ்வோர் அணியும் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கான எண் அந்த ஒப்பீட்டில் இடம்பெறுவதில்லை. மெல்லிய அடித்தளத்திலிருந்து வந்த அணி அடைந்த வெற்றியும், அகன்ற அடித்தளத்திலிருந்து வந்த அணி அடைந்த வெற்றியும் ஒரே பொருளைத் தருவதில்லை. முன்னதன் எதிர்காலம் ஓரிரு ஆட்டக்காரர்களைச் சார்ந்திருக்கிறது.

புள்ளிவிவரத்தின் வேலை அணியை அளப்பது, சமூகத்தை அளப்பது அல்ல என்ற மறுப்பு எழலாம். ஓர் ஆட்டத்தின் முடிவைக் கணிக்க அது சரி. ஒரு நாடு தன் விளையாட்டு நிதியை எங்கே செலவிடுவது என்று முடிவெடுக்கும்போது அது சரியன்று. அந்த முடிவுக்குத்தான் தரவரிசைகள் அடிக்கடி மேற்கோளாகின்றன. நான்கு காரணி முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வீச்சு, பறிகொடுத்த பந்து, ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ என நான்கு கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தால், மாவட்டப் பள்ளிப் போட்டியிலும் ஆசிரியர் ஒருவர் குறித்துவைக்க முடியும். பங்கேற்ற பள்ளிகள், அவற்றின் அருகே உள்ள ஆடுகளங்கள் ஆகியவற்றின் கணக்கும் அத்தாளோடு சேர்ந்தால், எந்த ஊர் விடுபட்டிருக்கிறது என்பது கண்கூடாகும்.

மதிப்பீடு

வாகையரை முடிவுசெய்ய வெற்றிக் கணக்குப் போதும். அதை மாற்ற எந்தத் தேவையும் இல்லை. ஓர் அணி எப்படி ஆடியது என்பதை விளக்க, தாக்குதல் வாய்ப்பை அலகாகக் கொண்ட முறையே இப்போதைக்கு மற்றவற்றைவிட உறுதியானது. பலத்தை ஒப்பிட, எதிரணியின் தரத்தைச் சேர்த்துக் கணக்கிடும் தரவரிசைகள் பயனுள்ளவை. ஆனால் அவை ஒற்றை எண்ணாக இல்லாமல் பிழை எல்லையோடு வெளியிடப்பட்டால்தான் நேர்மையானவையாக இருக்கும். 1989-இன் தங்கத்தைப் பொறுத்தவரை, மலேசியா அந்த ஆண்டில் பிலிப்பைன்ஸை வெல்லக்கூடிய அணியாக இருந்தது என்பது உறுதி. அதைவிட வலுவான அணியாக இருந்தது என்பதை அந்தப் போட்டியின் எண்களால் மட்டும் நிறுவ முடியாது. இப்படிச் சொல்வதால் அந்த வெற்றியின் பெருமை குறைவதில்லை.

திறந்தே நிற்கும் கேள்விகள் பல. பெரிய வெற்றிகளுக்கு எவ்வளவு எடை கொடுப்பது, நெருக்கடித் திறமை என்று ஒன்று தனியாக உண்டா, விவரத்தாளில் பதியாத தற்காப்பைச் சில ஆட்டங்களுக்குள் அளக்க வழியுண்டா, அணி உறுப்பினர் மாறும்போது பழைய முடிவுகளை எந்த அளவுக்குத் தள்ளுபடி செய்வது ஆகியவற்றில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இவற்றுள் சிலவற்றுக்குத் தரவு பெருகப் பெருக விடை நெருங்கி வரக்கூடும். தேர்வுக்கு உட்படும் திரளின் அளவு பற்றிய கேள்வி அப்படியல்ல. அந்தத் தரவை யாரேனும் சேகரிக்க முடிவெடுத்தால் மட்டுமே அதற்கு விடை தேடத் தொடங்க முடியும். செகிஞ்சானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் ஒரே தாளில் அந்தக் கணக்கைத் தொடங்குவதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை.